பெடலண்ணனுக்குக் கால் ஈரம்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நான்கு சக்கரம் உள்ள எந்த வண்டியை எடுத்துக்கொண்டாலும், அதன் டிரைவர் சீட்டில் சொந்தக்காரருக்கு அடுத்தபடியாக அதிக நேரம் உட்கார்ந்தவர் பெடலண்ணனாகத்தான் இருப்பார். டாக்டர் கார், வக்கீல் கார், மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப், கல்யாண வீட்டு வேன், ஒரு தடவை அமரர் ஊர்தி என்று அவர் ஏறி உட்காராத சீட் கிடையாது. அவர் உட்கார்ந்திருந்தபோது அவற்றில் ஒன்றுகூட ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை என்பதுதான் விசேஷம்.

அவருடைய தொழில் பிரேக்கை மிதிப்பது. சிரிக்காதீர்கள். காரின் பிரேக் குழாய்க்குள் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும். அதில் காற்றுப் புகுந்துவிட்டால் பெடல் தலையணைபோல அமுங்கும். வண்டி நிற்கும், ஆனால் அதற்கு இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கும். அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தருகே படுத்துக்கொண்டு, பிரேக்கில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூடுவார். இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து, கீழேயிருந்து 'மிதி' என்று குரல் வந்தால் மிதித்து, 'புடி' என்றால் அமுக்கிப் பிடித்து, 'வுடு' என்றால் காலை எடுப்பார். மற்ற ஊர்களில் இந்த இன்னொருவர் யாராகவும் இருக்கலாம். டீ கொண்டுவந்தவர்கூட நாலு மிதி மிதித்துவிட்டுப் போவார். எங்கள் கச்சிராயபாளையம் ரோட்டில் ஏழு ஒர்க் ஷாப்புகளுக்கும் சேர்த்து அது பெடலண்ணன் ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும். மனைவி சொல்ல மாட்டார்.

காலை டவுன் பஸ்ஸில் வடக்கனந்தலிலிருந்து வந்து இறங்குவார். முதலில் இடது கால் இறங்கும். வலது கால் தொழிலுக்கு உரியது, அதை அவர் அநாவசியமாகப் பயன்படுத்துவதில்லை. நேராகக் குழாயடிக்குப் போய் வலது காலை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் சுற்றி, டீக்கடை பெஞ்சில் அந்தக் காலைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இடது பாதத்தில் சேறு, ஆயில், கரும்புச் சோகை கிழித்த கீறல் எல்லாம் இருக்கும். வலது பாதம் கல்யாண மாப்பிள்ளைக்கு உரியதுபோலப் பளபளக்கும்.

"இன்னாத்துக்குண்ணே ஒரு காலுக்கு மட்டும் சோப்பு?" என்று நான் வந்த புதிதில் கேட்டேன்.

"மிதிக்கிறது அதுதானே? நீ சோறு துன்ற கையைத்தானே கழுவுற?"

சீட்டில் ஏறிவிட்டால் சட்டதிட்டங்கள் ஜாஸ்தி. ரேடியோ பாடக்கூடாது. பின் சீட்டில் ஆள் இருக்கக்கூடாது. வண்டிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்; "பாத்துக்கினே இருந்தா காலுக்குக் கூச்சமா இருக்குதுங்க" என்பார். பிறகு கண்ணை மூடி மூன்றே மூன்று மிதி. தீர்ப்பு சாப்பாட்டு மொழியில் வரும்.

"இட்லிங்க. அமுக்கினா அமுங்குது, வுட்டா எழும்புது. உள்ள காத்து."

"இது களிங்க. வச்ச கால் தானா கீழ எறங்கிக்கினே போவுது. மாஸ்டர் சிலிண்டர் உள்ள வாஷர் போச்சு."

மாஸ்டர் சிலிண்டர் என்பது நாம் பெடலில் கொடுக்கும் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் பம்பு. அதற்குள் வாஷர் தேய்ந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, கால் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரே சொல்: "கல்லு." அதற்கு மேல் அந்த வண்டியை யாரும் சோதிக்க மாட்டார்கள்.

ஒரு தடவை ஒரு பழைய காரில் ஏறினார். ஒரே மிதிதான். உடனே இறங்கிவிட்டார். "பழைய சோறுங்க இது. நான் கால் வைக்க மாட்டேன்." மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் கருத்துப்போய், பாதி தண்ணீராக இருந்தது. வண்டிக்காரர் வருடக்கணக்கில் மாற்றவே இல்லையாம். பெடலண்ணன் அதன் பிறகு குழாயடிக்குப் போய்க் காலை மறுபடியும் கழுவிக்கொண்டு வந்தார்.

அவர் கட்டுப்பாட்டுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஏழு ஷெட்டுகளில் ஒன்று என் மாமாவுடையது. ஒருநாள் மாமா வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு "புடி" என்று சொல்லி நிப்பிளைத் திறந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பத்திரிகையோடு சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். எழுந்துபோன மாமா, பேச்சு சுவாரசியத்தில் அவர்களை பஸ் ஏற்றிவிடப் போய், பஸ் ஸ்டாண்டில் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டால் காற்றை உள்ளே இழுத்துவிடும். பெடலண்ணன் விடவில்லை. ஒன்றரை மணி நேரம். யாரோ ஜன்னல் வழியாகக் கொடுத்த சோற்றை அந்த நிலையிலேயே சாப்பிட்டு, அங்கேயே கையையும் கழுவியிருக்கிறார்.

"ஏன்யா, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க இன்னும் 'வுடு' சொல்லலீங்களே."

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெடலண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூடத் தெரியாது. ஆனால் வாடிக்கையாளர்களுக்கு அது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று மிதியில் கோளாறு சொல்லும் மனிதரைப் பார்த்த யாரோ, 'இவர் கல்வராயன் மலையில் இருபது வருஷம் ஜீப் ஓட்டினவர்' என்று கிளப்பிவிட, அது அப்படியே நிலைத்துவிட்டது. அவர் அதைச் சொன்னதும் இல்லை, மறுத்ததும் இல்லை. அதற்கு முன்னால் அவர் கரும்பு லோடு ஏற்றும் கூலியாள். லோடு ஏற்றுகிறவரை யாரும் 'வாங்க' என்று அழைத்ததில்லை. இந்தச் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வக்கீலும் டாக்டரும் அவர் எதிரில் நின்றுகொண்டு, "என்னங்க ஆச்சு?" என்று பவ்வியமாகக் கேட்டார்கள். அவருக்கு அந்த 'ங்க' போதும். அது அவர் மலை ஓட்டுநர் என்ற நம்பிக்கையில் வந்த 'ங்க' என்பதும் அவருக்குத் தெரியும்.

அதனால் எங்கள் ரோட்டில் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. யாராவது வந்து, "அண்ணே, இந்த வண்டியைக் கொஞ்சம் நகத்துங்க" என்றால், பக்கத்தில் இருக்கிற எவனாவது சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "அண்ணனுக்குக் கால் ஈரமா இருக்குதுங்க, நான் எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுவான். டயர்க்கடைக்காரர் சொல்வார், பெயின்ட் அடிப்பவர் சொல்வார், ஒருமுறை வடைக்காரர் சொல்லிவிட்டுத் தனக்கும் ஓட்டத் தெரியாது என்பது ஞாபகம் வந்து முழித்தார். கடைசியில் நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளினோம். மே மாதத்து வெயிலில்கூட அண்ணனுக்குக் கால் காயவே காயாது.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு மாமாவின் ஷெட்டுக்கு வந்தவன். வெறும் டிப்ளமோதான், ஆனால் பெடலண்ணன் முதல் நாளிலிருந்து என்னை 'இன்ஜினியரே' என்றுதான் கூப்பிட்டார். எனக்கோ எல்லாவற்றிலும் அவசரம். மற்றவர்கள் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்குள் நான் நாலைக் கழற்றி இரண்டைத் தொலைத்திருப்பேன்.

அப்போதுதான் டீச்சரின் கார் வந்தது. வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை; கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் தானே ஓட்டிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறவர்.

"எறங்கும்போது, அணைத் தண்ணி கண்ணுக்குத் தெரியுற வளைவுல பெடல் உள்ள போயிடுச்சு தம்பி. ஹேண்ட் பிரேக்கைப் புடிச்சி எப்படியோ நிறுத்தினேன். திங்கக்கிழமை நான் ஸ்கூல்ல இருக்கணும், பரீட்சை ஆரம்பம்."

முன் சக்கரங்களில், கூடவே சுற்றும் டிஸ்க் என்ற தட்டைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கவ்வி உண்டு, காலிப்பர் என்பார்கள். இரண்டிலும் ரப்பர் சீல் போய் ஆயில் கசிந்திருந்தது. நான் பாய்ந்தேன். இரண்டு காலிப்பரையும் ஒரே நேரத்தில் கழற்றி, ஒரே சாக்கில் போட்டு, பெட்ரோலில் கழுவி, இரண்டும் புதுசுபோல ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கும்படி செய்து, புது சீல் போட்டு மாட்டினேன். மாமா வந்து பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

பெடலண்ணன் ஏறினார். 'மிதி, புடி, வுடு' நாலு சக்கரத்துக்கும் ஆயிற்று. கண்ணை மூடி மூன்று மிதி.

"இட்லி."

மறுபடியும் செய்தோம். இட்லி. ஆறு தடவை. நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை ஆயில் பாட்டிலுக்குள் இருக்கும். காற்று வந்தால் அங்கே குமிழி தெரியும். ஒரு குமிழிகூட வரவில்லை. பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது.

"காத்து இல்லண்ணே. குமிழியே வரலையே. மாஸ்டர் சிலிண்டர்தான் போயிருக்கு," என்றேன்.

"களியா இருந்தா எறங்கும் இன்ஜினியரே. இது எறங்கல, எழும்புது. முன்னாடி ரெண்டு பக்கமும் காத்து இருக்குது. அது மேல நின்னுக்கினு இருக்குது, நீ கீழ இருந்து கூப்புடுற."

"மேல கீழன்னா இன்னாண்ணே அர்த்தம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கால் சொல்லுது. நீ இன்னொருக்கா பிரிச்சிப் பாரு."

வெள்ளிக்கிழமை மத்தியானம். டீச்சர் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தியாகதுருகத்திலிருந்து தன் காரோடு வந்திருந்த அரிசி மண்டிக்காரர் ஒருவர், சும்மா நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாட்டியதை, எல்லோர் எதிரிலும், பிரித்துப் பார்க்கச் சொல்கிறார் பெடலண்ணன். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அண்ணே, உங்களுக்குக் கார் ஓட்டவே தெரியாது. வாழ்க்கையில ஒரு தடவைகூட ஓட்டினது இல்ல. உங்க காலை நம்பி நான் படிச்சதை விட்டுட்டு மறுபடியும் பிரிக்கணுமா?"

ஏழு ஷெட்டிலும் சுத்தியல் சத்தம் நின்றதுபோல எனக்குத் தோன்றியது. ஒருவேளை நின்றதோ என்னவோ.

"ஓட்டத் தெரியாதா?" என்றார் டீச்சர், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு. மண்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

பெடலண்ணன் பெடலிலிருந்து காலை எடுத்தார். துண்டால் சுற்றவில்லை. அந்தப் பளபளப்பான பாதத்தை அப்படியே ஷெட்டு மண்ணில், ஆயில் கறையில் வைத்து இறங்கி, பஸ் நிற்கும் பக்கம் நடந்துபோனார்.

சனிக்கிழமை காலை டவுன் பஸ் வந்தது. இடது கால் இறங்கவில்லை. மாமா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "ரோடே சேந்து மூடி வச்சிக்கினு இருந்ததை நீ ஒருத்தன் தொறந்துட்டடா." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சேலத்திலிருந்து பஸ் பார்சலில் புது மாஸ்டர் சிலிண்டர் வந்திருந்தது. மாட்டினேன். பெயின்ட் அடிப்பவரை மிதிக்கச் சொல்லிக் காற்று எடுத்தேன். நானே ஏறி மிதித்துப் பார்த்தேன்.

இட்லி.

ஞாயிற்றுக்கிழமை காலை யாரும் வராத நேரம் ஷெட்டைத் திறந்து, முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று தெரிந்தது. நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. மேலே இருக்க வேண்டிய நிப்பிள். மறுபக்கம் ஓடினேன், அங்கேயும் அடியில். இடது காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். காற்று மேலே போய் நிற்கும். நான் அடியில் திருகைத் திறந்து ஆயிலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பெடலண்ணன் சொன்னது எழுத்துக்கு எழுத்து அதுதான். 'நிப்பிள் மேல்நோக்கி இருத்தல் வேண்டும், ஏன்? விளக்குக' என்று பரீட்சையில் ஒரு கேள்வி வந்து, அதற்குப் படம் போட்டு முழு மார்க் வாங்கியவன் நான்.

ஒருத்தருக்கும் தெரியாமல் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வடக்கனந்தல் போனேன். வழி முழுக்க மன்னிப்புக் கேட்கும் வசனத்தை ஒத்திகை பார்த்தேன். நன்றாகவே வந்தது.

வீட்டு வாசலில் அவர் மனைவி, "மரவள்ளிக் கொல்லையில இருக்குறாரு. இன்னா ஆச்சின்னு தெரியல, ரெண்டு நாளா காலே கழுவல," என்றார்.

யாருடைய கொல்லையிலோ கூலிக்கு மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பாதமும் ஒரே நிறத்தில் இருந்தன.

"இன்னா இன்ஜினியரே, இவ்ளோ தூரம்?"

நான் வாயைத் திறந்தேன். ஒத்திகை பார்த்த வசனம் வரவில்லை. "அண்ணே, கண்டுபுடிச்சிட்டேன்ணே! காலிப்பர் மாறிப்போச்சு! நிப்பிள் அடியில இருந்துச்சு! காத்து மேல நின்னுக்கினு இருந்துருக்குண்ணே!" என்று கத்தினேன். கோளாறு பிடிபட்ட சந்தோஷத்தில் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "ரெண்டையும் ஒண்ணா கழட்டினியா?"

"ஆமாண்ணே."

"ஒரே சாக்குல போட்டியா?"

"ஆமாண்ணே."

சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "போய்யா, நீயும் உன் படிப்பும்." பிறகு மெதுவாக, "வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

"மாமாகிட்டகூட இன்னும் சொல்லலண்ணே."

"ம்," என்றார். "அந்த டீச்சரம்மா நாளைக்கு மலை எறங்கணும் இல்ல? வண்டியை எடு." மோட்டார் கொட்டகையில் வலது காலைக் கழுவிக்கொண்டு வந்து பைக்கில் ஏறினார்.

ஷெட்டுக்கு வந்து அவர் சீட்டில் ஏறியதும், 'மிதி' என்றேன். நிப்பிளைத் திறந்ததும் பாட்டிலில் சோடா உடைத்த மாதிரி குமிழி பொங்கியது. இரண்டு பக்கமும் அப்படித்தான். கண்ணை மூடி மூன்று மிதி மிதித்தார். "கல்லு." அதற்குள் டீச்சர் வந்துவிட்டார், மாமா வந்துவிட்டார், தன் காரைத் திரும்ப எடுத்துப்போக மண்டிக்காரரும் வந்துவிட்டார். அவர் வண்டியை மறித்துக்கொண்டு டீச்சரின் கார் நின்றிருந்தது.

"இன்னாய்யா பெடலு," என்றார் மண்டிக்காரர். இரண்டு நாளில் 'ங்க' காணாமல் போயிருந்தது. "மலையில ஜீப்பு ஓட்டினவன்னு சொன்னாங்க. இத்தக் கொஞ்சம் வெளிய எடுத்து வுடேன், பாப்போம்."

இந்த இடத்தில்தான் யாராவது சாவியைப் பிடுங்கிக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் டயர்க்கடை இல்லை, வடைக்காரர் இல்லை. மாமா என்னைப் பார்த்தார். என் முறை. 'அண்ணனுக்குக் கால் ஈரமா இருக்குதுங்க.' ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அதை உடைத்தவனே நான். நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்ற யோசனையில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஓட்டத் தெரியாதுங்க," என்றார் பெடலண்ணன், இறங்கி நின்று.

டீச்சருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், பேச்சை மாற்றினார். "கடைசியில கோளாறு என்னதான் தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெடலண்ணன் சொல்லிவிட்டார். "மாஸ்டர் சிலிண்டருங்கம்மா. இன்ஜினியரு மொதல்லியே சரியாத்தான் சொன்னாரு. நான்தான் காத்துன்னு தப்பா சொல்லிட்டேன்."

டீச்சர் என்னைப் பார்த்து நன்றியோடு சிரித்தார். மண்டிக்காரர் என் தோளில் தட்டி, "படிச்சவன் படிச்சவன்தான்யா," என்றார். பெடலண்ணனின் ரகசியத்தை நாலு பேர் முன்னால் நான் போட்டு உடைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் என் ரகசியத்தைத் தன் பெயரைக் கொடுத்து மூடிவிட்டார். 'இல்லை, தப்பு என்னுடையது' என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. எல்லாவற்றிலும் அவசரப்படும் நான், அந்த ஒன்றில் மட்டும் அவசரப்படவே இல்லை.

டீச்சர் மறுநாள் மலை ஏறினார், பத்திரமாக இறங்கினார், இன்றுவரை ஏறி இறங்குகிறார். மண்டிக்காரர் தன் மூன்று வண்டிகளையும் என்னிடமே விடுகிறார். பெடலண்ணன் அதற்குப் பிறகு எங்கள் ரோட்டுக்கு வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. மாமா போய்க் கூப்பிட்டபோதுகூட, "வர்றேங்க, வர்றேங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை இறக்கும் வேலைக்குப் போய்விட்டார். இப்போது எங்கள் ஷெட்டில் கையில் கிடைத்தவர்கள் மிதிக்கிறார்கள். 'புடி' என்றால் போனை எடுத்துப் பார்க்கிறார்கள்.

அன்றைக்குப் போனது மாஸ்டர் சிலிண்டர் இல்லை என்பதை மாமாவிடமே போன வாரம்தான் சொன்னேன். "தெரியும்டா," என்றார். இதைப் படித்தால் டீச்சருக்கும் மண்டிக்காரருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எழுத உட்காரும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஆலைக்குப் போனேன். மதிய நேரம். வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் மூடியில் ஒரு பங்கைப் பிரித்து வைக்க ஆரம்பித்தார். "அண்ணே, அன்னிக்கு அந்தக் கார் விஷயம்..." என்று தொடங்கினேன்.

"அத்த வுடு. சாப்ட்டியா இன்ஜினியரே?"

வரும் வழியில்தான் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டிருந்தேன்.

"இன்னும் இல்லண்ணே," என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.